நாலு மில்லிமீட்டர் அமைதி

பச்சைப்பயறு முளையை வெர்னியர் காலிப்பரால் அளப்பது லேசான வேலை இல்லை. இறுக்கிப் பிடித்தால் நசுங்கிவிடும். தளர்த்திப் பிடித்தால் வழுக்கிக்கொண்டு போய்விடும். 2007 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை பத்தாயிரத்துச் சொச்சம் முளைகளை அளந்தவன் என்ற தகுதியில் இதைச் சொல்கிறேன். என் பெயர் மோகன்குமார். ஓசூருக்கும் சூளகிரிக்கும் நடுவில், நெடுஞ்சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளியிருந்த வஜ்ரகிரி ஆட்டோ காஸ்டிங்ஸ் கம்பெனியில் தர ஆய்வாளராக இருந்தேன். லாரிகளுக்கு பிரேக் டிரம் வார்க்கிற கம்பெனி. பிரேக் டிரம் செய்கிற இடத்தில் பயறுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் எங்கள் பர்சனல் மேனேஜர் ஸ்ரீராமைப் பார்க்காதவர்கள்.

எல்லாம் ஒரு மண்டை உடைப்பில் ஆரம்பித்தது. அந்த ஜூலையில் வார்ப்புப் பகுதி சூப்பர்வைசர் ஒருவர், காண்டிராக்ட் தொழிலாளி ஒருவரை பூட்ஸ் காலால் இடுப்பில் உதைத்தார். அது எங்களிடம் நடைமுறைதான். யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அன்றைக்கு உதை வாங்கியவர் என்ன நினைத்தாரோ, கையிலிருந்த இடுக்கியால் சூப்பர்வைசரின் மண்டையில் ஒரு போடு போட்டுவிட்டார். பதினொரு தையல். அடுத்த அரை மணி நேரத்தில் இரண்டு கட்சியாகி, இரும்புக் கம்பியும் மண்வெட்டியுமாக ஏழு பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஒருவரின் கை விரல்கள் மணல் கலக்கும் இயந்திரத்துக்குள் கிடந்தன. அன்று பார்த்து ஜெர்மனியிலிருந்து எங்கள் டிரம்களை வாங்குபவர்கள் ஆடிட்டுக்கு வந்திருந்தார்கள். இந்தத் தொழிலகத்தில் வன்முறை இருக்கிறது, ஆண்டு முடிவதற்குள் சரிசெய்யவும் என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

உதைப்பதை நிறுத்தினால் போதாதா என்று நீங்கள் நினைக்கலாம். நீங்கள் நிர்வாகத்தில் இருந்ததில்லை போலிருக்கிறது. ஸ்ரீராம் பெங்களூரில் ஒரு பெரிய ஓட்டலில் நடந்த இரண்டு நாள் கருத்தரங்குக்குப் போய்விட்டு, கையில் ஒரு கிண்ணம் முளைகட்டிய பயறுடன் திரும்பி வந்தார். மூன்று ஷிப்டு ஆட்களையும் கேன்டீனில் கூட்டி, நாற்காலிமேல் ஏறி நின்று பேசினார்.

"ஃப்ரெண்ட்ஸ், இந்தப் பயறைப் பாருங்க. இதுக்குள்ள புரோட்டீன் இருக்கு. எப்படி இருக்கு? பெரிய பெரிய சங்கிலியா, ஒண்ணோட ஒண்ணு கைகோத்துக்கிட்டு, கூட்டமா, பிடிவாதமா இருக்கு. அப்படியே விட்டா நிர்வாகத்துக்கு... அதாவது ஒடம்புக்குத் தொல்லை. சரியா ஜீரணம் ஆகாது. நாம என்ன பண்றோம்? எட்டு மணி நேரம் தண்ணியில முக்கி வைக்கிறோம். துணியில இறுக்கிக் கட்டி இருட்டுல போடறோம். அப்ப உள்ளேயே என்சைம்னு சில பேரு முழிச்சுக்கறாங்க. நம்ம ஆளுங்க மாதிரி. கூட்டத்துக்குள்ள இருந்துக்கிட்டே சங்கிலிய வெட்டி விட்டுடறாங்க. ஒவ்வொண்ணும் தனித்தனி அமினோ அமிலமா ஆயிடுது. தனித்தனியா ஆனாத்தான் உபயோகம், ஃப்ரெண்ட்ஸ். அரிசியிலயும் ராகியிலயும் கம்மியா இருக்கற லைசின் இதுல நல்லாக் கிடைக்குது. காபான்னு ஒரு அமிலம் பல மடங்கு ஏறுது. காபா நரம்ப அமைதிப்படுத்தும். அப்பறம் ஒருத்தர் உங்கள அடிச்சாக்கூடத் திருப்பி அடிக்கத் தோணாது."

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "அப்ப அடிக்கறவங்களுக்கே குடுத்துடலாமே சார்?"

ஸ்ரீராம் சிரித்தார். "நல்ல கேள்வி. ஆபீசர்ஸ் எல்லாரும் ரெண்டு கப் சாப்பிடப் போறோம்." நல்ல கேள்வி கேட்டவர் மறுநாளிலிருந்து உலை வாயில் வேலை பார்த்தார்.

கேட்டில், விபத்தில்லா நாட்கள் என்ற பலகைக்குப் பக்கத்தில், அடிதடியில்லா நாட்கள் என்று ஒரு புதுப் பலகை ஏறியது. செப்டம்பர் மூன்றாம் தேதி திங்கட்கிழமை அதில் ஒன்று என்று எழுதினார்கள். திட்டத்துக்கு அமைதிப் பயறு என்று பெயர்.

முளைகட்டும் பொறுப்பு மாரம்மாவிடம் வந்தது. பாகலூர்க்காரர். கேன்டீனில் பத்து வருடமாக ராகிக் களி கிண்டுகிறவர். களிக்குத் தொட்டுக்கொள்ள அவர் வைக்கும் முளைகட்டின பயறுச் சாறுக்கு, பஸ்ஸைத் தவற விட்டாலும் பரவாயில்லை என்று ஆட்கள் காத்துக் கிடப்பார்கள். ராகியில் இல்லாததைப் பயறு தருகிறது என்று ஸ்ரீராம் இரண்டு நாள் உட்கார்ந்து கற்றுக்கொண்டு வந்ததை அந்த ஊர்ப் பெண்கள் எந்தக் கருத்தரங்குக்கும் போகாமல் செய்துகொண்டிருந்தார்கள். ஊறிய பயறைப் பழைய வேட்டித் துணியில் மூட்டையாகக் கட்டி, மேலே ஒரு குழவிக்கல்லை வைத்துவிடுவார். அவ்வளவுதான் அவருடைய தொழில்நுட்பம்.

அது போதவில்லை. எங்கள் கம்பெனியில் வரைபடம் இல்லாமல் எதுவும் செய்யக் கூடாது. ஆகவே பயறு முளைக்கு ஒரு வரைபடம் போடப்பட்டது. எண் விஜி-பிபி-004. முளை நீளம் நாலு மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர் கூடலாம், குறையலாம். காபா உச்சத்தில் இருப்பது அந்த அளவில்தான் என்று ஸ்ரீராம் சொன்னார். எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு லாட்டுக்கு, அதாவது ஒரு தடவை கட்டிய பயறுக்கு, முப்பது முளை எடுத்து நான் அளக்க வேண்டும். அளவில் இல்லாதது சிவப்புத் தொட்டிக்குப் போகும்.

"சாமி, மொளை உசுரு. உசுருக்குப் போய் ஸ்கேல் வெச்சா எப்பிடி சாமி?" என்றார் மாரம்மா. "குளிர்ல மெல்லமா வரும், வெயில்ல ஓடி வரும். கையில அமுக்கிப் பாத்தா எனக்குத் தெரியும்."

"கையில அமுக்கிப் பாத்து பிரேக் டிரம் செய்ய முடியுமாம்மா?" என்று கேட்டேன். அப்போது அது புத்திசாலித்தனமான கேள்வியாகத்தான் எனக்குப் பட்டது.

ஓசூர்க் குளிரில் முதல் வாரம் முளை இரண்டரை மில்லிமீட்டரைத் தாண்டவில்லை. ஸ்ரீராம் உத்தரவின்படி மூட்டைகளை மணல் அச்சுகளை உலர்த்தும் அடுப்பில் வைத்தோம். வெந்து போயின. சூடு குறைத்து வைத்தோம். ஒன்பது மில்லிமீட்டர் வளர்ந்து நாற்றமெடுத்தன. மாரம்மாவுக்கு மூன்று மெமோ கொடுக்கப்பட்டது. அவருக்குப் படிக்கத் தெரியாது; அடுப்புப் பற்றவைக்க உதவியது.

அளவு சரி, ஆனால் அமைதி வருகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதற்காக ஒரு கூட்டம் நடந்தது. அந்தக் கூட்டத்தில் என் வாயைத் தைத்து வைத்திருக்கலாம். "எந்த லாட்டா இருந்தாலும் அஞ்சு பீஸ உடைச்சுப் பாத்துத்தானே சார் பாஸ் பண்ணுவோம்" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டேன். ஸ்ரீராம் எழுந்து வந்து என் தோளில் தட்டினார். "பிரில்லியண்ட், மோகன்." ஜனவரியில் எனக்கு அசிஸ்டென்ட் இன்ஜினியராகப் பதவி உயர்வு வர வேண்டியிருந்தது. இதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நடைமுறை இப்படி. ஒவ்வொரு லாட்டிலும் ஐந்து தொழிலாளிகள் தேர்வு செய்யப்படுவார்கள். பயறு சாப்பிட்ட அரை மணி நேரம் கழித்து, செக்யூரிட்டி அதிகாரி கங்கப்பன் வந்து ஒவ்வொருவரையும் இடது கன்னத்தில் ஓங்கி ஒரு அறை அறைவார். நான் ஸ்டாப்வாட்ச்சுடன் முப்பது விநாடி பார்க்க வேண்டும். பதிவேட்டில் தாக்கம் என்று ஒரு கட்டம், எதிர்வினை என்று ஒரு கட்டம். எதிர்வினை இல்லை என்றால் லாட் பாஸ்.

முதல் நாள் மூன்றாவதாக நின்றவர் திருப்பி அறைந்துவிட்டார். கங்கப்பனின் உதடு கிழிந்தது. நான்கு செக்யூரிட்டிகள் அந்த ஆளை மணல் மேட்டுக்குப் பின்னால் மறு ஆய்வுக்கு அழைத்துப் போனார்கள். மறு ஆய்வு கால்களால் நடந்தது. சத்தம் மட்டும் கேட்டது; கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது. அவரைப் பழைய இரும்பு போகும் கேட் வழியாக வேனில் ஏற்றி அனுப்பினார்கள். பதிவேட்டில் "பீஸ் எண் 3 தள்ளுபடி" என்று எழுதினேன். அன்றைய லாட் முழுவதையும் கொட்டினோம். மாரம்மாவுக்கு ஒரு மெமோ. பலகையில் எண் குறையவில்லை. பரிசோதனையில் நடப்பது அடிதடி ஆகாது என்று ஸ்ரீராம் விளக்கினார்.

அறை ஒரே மாதிரி விழ வேண்டுமே என்ற பிரச்சினை அடுத்து வந்தது. கங்கப்பன் ராணுவத்தில் அவில்தாராக இருந்தவர். காலையில் விழும் அறைக்கும் சாப்பாட்டுக்குப் பின் விழும் அறைக்கும் வித்தியாசம் இருந்தது. அவர் கையை அளவுக் கருவிகளின் பட்டியலில் சேர்த்தோம். எடை மெஷினில் சாத்திய மணல் மூட்டையை இருபது தடவை அறையச் சொல்லி, சராசரி எடுத்து, முன்கையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினேன்: "சரிபார்க்கப்பட்டது. அடுத்த சரிபார்ப்பு 14.11.2007."

"கை வலிக்குது சார்" என்றார் கங்கப்பன். கருவியைப் பராமரிக்க வேண்டும் என்று தைலமும், வாரம் ஒரு நாள் ஓய்வும் ஏற்பாடாயிற்று. அறை வாங்கியவர்கள் கருவி இல்லை என்பதால் அவர்களுக்குத் தைலம் கிடையாது.

இனி மாரிமுத்துவைப் பற்றி. சங்கரன்கோவில் பக்கத்துக்காரர், இருபத்தெட்டு வயது. மூன்று வருடமாக டிரெயினி. டிரம்மின் பிசிறுகளை அராவுகிற வேலை. ஜனவரி ஒன்றாம் தேதி நிரந்தரம் செய்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். பாகலூர் ரோட்டில் தகரக் கூரை போட்ட ஒரு லைன் வீட்டில் அவரும் மனைவி பார்வதியும் இருந்தார்கள். பார்வதி ஆறு மாதக் கர்ப்பம். அந்த நிரந்தர ஆர்டர் கைக்கு வராவிட்டால் பிரசவத்துக்கு முன்னால் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். ஊரில் மழையும் இல்லை, நிலமும் இல்லை.

செப்டம்பர் கடைசியில் அவர் முறை வந்தது. கங்கப்பன் அறைந்தார். மாரிமுத்து ஒரு அடி நகர்ந்து, திரும்பப் பழைய இடத்துக்கே வந்து நின்றார்.

"என்னத்துக்கு சார் அடிக்காவ?"

"லாட் டெஸ்ட்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். முப்பது விநாடி முடிந்ததும், "பாஸா சார்?" என்று கேட்டார். பாஸ் என்றேன். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு அராவப் போனார்.

அடுத்தடுத்த நாட்களில் மற்றவர்கள் முறைத்தார்கள், பல்லைக் கடித்தார்கள், ஒருவர் சுவரில் தலையை முட்டிக்கொண்டார். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியவில்லை. மாரிமுத்து மட்டும் அசையவே இல்லை. அளவுக் கருவிகளைச் சரிபார்க்க மாறாத துண்டு ஒன்று வைத்திருப்போம். அதை மாஸ்டர் பீஸ் என்போம். ஸ்ரீராம் மாரிமுத்துவை மாஸ்டர் பீஸாக அறிவித்தார். இனி எல்லா லாட்டுக்கும் அவரை அறைந்தால் போதும். மற்ற தொழிலாளிகள் பெருமூச்சு விட்டார்கள். அந்தப் பெருமூச்சை ஸ்ரீராம், திட்டம் வேலை செய்வதன் அடையாளம் என்று மேலிடத்துக்கு எழுதினார்.

இரண்டு வேளை, மூன்று வேளை என்று அறை விழுந்தது. அக்டோபர் நடுவில் மாரிமுத்துவின் இடது காதிலிருந்து நீர் வடிந்தது. நவம்பரில் அந்தக் காது கேட்பது நின்றுவிட்டது. நான் முறைப்படி அதைத் தெரிவித்தேன். ஒரே பக்கம் தேய்மானம் ஆகாமல் இனி வலது பக்கம் மாற்றவும் என்று பதில் வந்தது. மாற்றினோம்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அவர் பயறுக் கப்பை அப்படியே டிபன் டப்பாவுக்குள் கவிழ்ப்பதைப் பார்த்துவிட்டேன். பயந்து போனார்.

"எனக்கு வயிறு ஊதிக்கிடும் சார். ஒரு நாள்கூடத் தின்னது கெடையாது. அவளுக்குக் கொண்டு போறேன். வேகவச்சுத் தேங்காச் சில்லு போட்டுத் திங்கா. போன மாசம் ஆஸ்பத்திரில ரத்தம் நல்லா ஏறிருக்குன்னு நர்ஸம்மா சொன்னாவளாம். சொல்லிராதிய சார்."

"காதப் பத்தி அவங்களுக்குத் தெரியுமா?"

"மெஷின் சத்தத்துல அடச்சிருக்குன்னு சொல்லிருக்கேன். இன்னும் அம்பது நாளுதான சார்? பெர்மனென்ட் ஆயிட்டா அடிக்க மாட்டாவல்லா?"

பரிசோதனைப் பொருள் பயறே தின்னவில்லை என்றால் இத்தனை நாள் பதிவும் குப்பை. விதிப்படி நான் அதை எழுத வேண்டும். எழுதினால் திட்டம் போகும், என் பதவி உயர்வும் போகும், அந்த ஆள் அறை வாங்குவதிலிருந்து தப்பிப்பார். மூன்றையும் எடைபோட்டுப் பார்த்துவிட்டு, பேனாவை மூடி பைக்குள் வைத்தேன். அந்த மனிதருக்கு உதவி செய்ததாகவே நினைத்துக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, இப்போது.

நவம்பர் கடைசியில் சானமாவுக் காட்டிலிருந்து மூன்று யானைகள் வந்தன. கம்பெனிச் சுவருக்குப் பின்னால் நாங்கள் கொட்டிய சிவப்புத் தொட்டிப் பயறு மலையாகக் குவிந்து கிடந்தது. விடியற்காலையில் வந்து, வயிறு முட்டத் தின்றுவிட்டு, சுவரை உடைத்து உள்ளே வந்தன. உள்ளே வந்தவை கேன்டீன் கூரையைப் பிடுங்கின. செக்யூரிட்டி ஒருவரைத் தூக்கி எறிந்ததில் அவருடைய தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. வனத்துறையினர் பட்டாசு வெடித்து விரட்டினார்கள்.

ஸ்ரீராம் இடிந்த சுவரின் முன்னால் நின்று கண் கலங்கினார். துக்கத்தில் இல்லை, பூரிப்பில். "பாத்தீங்களா மோகன்? ரிஜெக்ட் ஆன பயறத் தின்னா என்ன ஆகும்னு. நாலு மில்லிமீட்டர் தின்னிருந்தா அதுங்க கேட்டுல நின்னு பாஸ் வாங்கிட்டு உள்ள வந்திருக்கும்." பதிவேட்டில் ஒரு புதுப் பக்கம் திறந்து, "யானை, 3 எண்ணிக்கை. எதிர்வினை: உண்டு" என்று எழுதச் சொன்னார். எழுதினேன்.

டிசம்பர் முப்பது, ஞாயிற்றுக்கிழமை, குடும்ப விழா. மைதானத்தில் பந்தல். ஜெர்மனிக்காரர்கள் இருவர் முன்வரிசையில் சந்தன மாலையுடன் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் மாலை போட்ட ஒரு பிரேக் டிரம், பக்கத்தில் ஒரு பெரிய அண்டா நிறைய அமைதிப் பயறு. வந்த குடும்பங்களுக்கெல்லாம் தொன்னையில் பயறுச் சுண்டல். மூன்றாவது வரிசையில் பார்வதி ஒன்பது மாத வயிற்றுடன், பச்சை நிறச் சேலையில், கணவரை மேடைக்குக் கூப்பிட்டதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த டிபன் டப்பாவை நினைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் பயறை நூறு நாளுக்கு நூறு நாள் ஒழுங்காகத் தின்ற ஒரே ஆள் அந்தப் பெண்தான். ஸ்ரீராமின் கொள்கைப்படி ஓசூர் வட்டாரத்திலேயே அமைதியான மனுஷி.

ஸ்ரீராம் மைக்கைப் பிடித்தார். "ஃப்ரெண்ட்ஸ், நூத்திப் பத்தொம்பது நாள்! ஒரு கை ஓங்கல. இதோ இந்த மாரிமுத்து, எங்க மாஸ்டர் பீஸ். இருநூத்தி நாப்பத்தேழு தாக்கம். எதிர்வினை சைபர். இவருக்கு நாங்க என்ன கொடுத்தோம்? அன்பா? மரியாதையா? இல்ல. அறிவியல் கொடுத்தோம். இன்னும் ஒரே ஒரு டெஸ்ட், உங்க எல்லார் முன்னாடியும். அப்பறம் இவர் கையில நிரந்தர ஆர்டர்." இடது கையில் வைத்திருந்த பழுப்பு உறையை உயர்த்திக் காட்டினார். மாரிமுத்துவுக்குப் பேச்சு சரியாகக் கேட்கவில்லை. உறையைப் பார்த்து, புரிந்த மாதிரி சிரித்தார்.

கங்கப்பன் வலது கன்னத்தில் அறைந்தார். மைக் பக்கத்திலேயே இருந்ததால் ஒலிபெருக்கி நான்கிலும் கேட்டது. மாரிமுத்து தடுமாறி நின்றார். வலது காதிலிருந்து ரத்தம் கழுத்து வழியாக இறங்கி, புதுச் சட்டையின் காலரில் சேர்ந்தது. எங்கள் ஆட்கள் பழக்கத்தில் கைதட்டினார்கள்.

பார்வதி எழுந்தார். கையில் சுண்டல் தொன்னை. அவசரமே இல்லாமல் நடந்து வந்தார். கர்ப்பிணி என்று எல்லாரும் வழிவிட்டார்கள். மேடைப்படி நான்கையும் ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினார். கணவரின் காதைத் தொட்டுப் பார்த்தார். விரலில் ஒட்டிய ரத்தத்தைப் பார்த்தார்.

"எதுக்கு அடிச்சிய?" என்று ஸ்ரீராமைக் கேட்டார்.

"அம்மா, இது அடி இல்ல. டெஸ்ட்."

"டெஸ்ட்டா?"

தொன்னையைக் கீழே வைத்துவிட்டு ஸ்ரீராமின் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டார். கங்கப்பனின் சராசரியைவிட அது கூடுதல் என்று என் காதை வைத்துச் சொல்வேன்.

"இதும் டெஸ்ட்டுதான். பாஸா ஃபெயிலான்னு சொல்லுங்க."

என் கட்டைவிரல் தானாக ஸ்டாப்வாட்ச்சை அழுத்தியிருந்தது. முப்பது விநாடியெல்லாம் தேவைப்படவில்லை. நூற்றுப் பத்தொன்பது நாள் தினம் இரண்டு கப் தின்ற ஸ்ரீராம், நாலாவது விநாடியில் கையிலிருந்த மைக்கால் பார்வதியின் நெற்றியில் அடித்தார். ஒலிபெருக்கிகள் வீறிட்டன. பார்வதி பக்கவாட்டில் அண்டாவின் மேல் விழ, அண்டா சாய்ந்து, நாலு மில்லிமீட்டர் முளைகள் மேடை முழுக்க ஓடின. அவர் நெற்றி ரத்தம் பயறின் மேல் சொட்டியது. இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டிருந்தார்.

மாரிமுத்துவுக்கு எதுவும் கேட்டிருக்காது. ஆனால் பார்த்தார். பிறகு ஸ்ரீராமின் இடது கையிலிருந்த உறையைப் பார்த்தார். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்போது நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்: அடி, அடித்துத் தொலை என்றுதான் வேண்டிக்கொண்டேன். என் பதிவேடு பொய் என்று யாராவது ஒருவர் நிரூபிக்க வேண்டியிருந்தது. எனக்குத் துப்பில்லை.

அவர் உறையை வாங்கிக்கொள்ளவில்லை. ஸ்ரீராமின் பின்தலையைப் பிடித்து, மாலை போட்ட பிரேக் டிரம்மில் மோதினார். ஒரு முறை. மூக்கு போயிற்று. இரண்டாவது முறை. பற்கள். மூன்றாவது முறைக்குள் பந்தலே எழுந்துவிட்டது. சேர்கள் பறந்தன. ஏற்கெனவே அறை வாங்கியிருந்தவர்கள் அவரவர் சூப்பர்வைசரைத் தேடிப் போனார்கள். பந்தல் கால்கள் பிடுங்கப்பட்டன. அவற்றுக்கும் உடனே வேலை கிடைத்தது. ஜெர்மனிக்காரர்கள் சந்தன மாலையோடு மேடைக்கடியில் புகுந்துகொண்டார்கள். போலீஸ் வந்து, யாரை அடிப்பது என்று கேட்காமல், எட்டியவரையெல்லாம் லத்தியால் அடித்தது. கங்கப்பன் மட்டும் யாரையும் தொடவில்லை. "எனக்கு ஆர்டர் இல்ல" என்று சொல்லிக்கொண்டே பார்வதியைக் கைத்தாங்கலாகத் தூக்கி ஆம்புலன்சில் ஏற்றினார். பயறுக்குள் கிடந்த பற்களை எண்ணினேன். மூன்று. எண்ணுவது எனக்கு வியாதியாகிவிட்டது.

பத்து நாள் கழித்து விசாரணை. எங்கள் கம்பெனியில் எந்தக் குறை வந்தாலும் ஐந்து தடவை ஏன் என்று கேட்டு மூல காரணம் கண்டுபிடிக்க வேண்டும். தாடையில் கம்பி போட்டிருந்த ஸ்ரீராம் காகிதத்தில் எழுதிக் காட்ட, நான் படித்தேன். மாரிமுத்து ஏன் அடித்தார்? அமைதி இல்லாததால். ஏன் அமைதி இல்லை? காபா இல்லாததால். ஏன் காபா இல்லை? பயறு தின்னாததால். ஏன் தின்னவில்லை? வீட்டுக்குக் கொண்டுபோனதால். ஏன் கொண்டுபோனார்? ஐந்தாவது ஏனுக்கு ஸ்ரீராம் ஒரே சொல் எழுதினார்: திருட்டு.

டிபன் டப்பா விஷயத்தை, மாஸ்டர் பீஸே விசாரணையில் வெள்ளந்தியாகச் சொல்லியிருந்தார். கேன்டீன் பொருளைத் திருடியதற்காக மாரிமுத்து வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அன்று மேடையில் நடந்தது திருட்டின் தொடர்ச்சி, அடிதடி அல்ல. ஆகவே பலகையில் எண் குறையவில்லை. ஜெர்மனிக்கு அந்தக் காகிதம் போனது. திருட்டைக் கண்டுபிடித்த முறை பாராட்டுக்குரியது என்று பதில் வந்தது.

மாரிமுத்துவை நீக்கிய அன்றே மாரம்மா வேலையை விட்டார். குழவிக்கல்லை இடுப்பில் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டும்போது என்னிடம் நின்றார். "கொழந்தெ பொறந்திடுச்சி சாமி. பொண்ணு. மூணு கிலோ இருநூறு. மொளைப் பயிறு தின்ன ஒடம்பு, தாயி தெம்பா இருக்குது. அவனுக்குத்தான் ரெண்டு காதும் போச்சி. கொழந்தெ அழுதா அவ தொட்டுக் காட்டணும்." குருபரப்பள்ளியில் ஒரு லாரி ஓட்டலில் மாரிமுத்துவுக்குப் பாத்திரம் கழுவுகிற வேலை பார்த்துக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். கல்லை இடுப்பு மாற்றிக்கொண்டு, "நீ அளந்தியே சாமி, நல்லா அளந்தே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் ஸ்ரீராம் என்னைக் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார். "அவன் தின்னலேன்னு உனக்குத் தெரியுமா?" தெரியாது என்றேன். தாடைக் கம்பிக்குள் அவர் சிரித்த மாதிரி இருந்தது. அடுத்த வரியை எழுதினார். "மாஸ்டர் பீஸ் இல்லாம லாட்ட எப்படி ரிலீஸ் பண்றது? உன் புரமோஷன் ஆர்டர் டைப் ஆகிட்டிருக்கு இல்ல?"

கேன்டீனில் எனக்கு ஒரு கப் பயறு வைத்தார்கள். தின்றேன். மாரம்மா கட்டாத பயறு சப்பென்று இருந்தது. அரை மணி நேரம் கழித்துக் கங்கப்பன் வந்தார். முன்கையில் புது ஸ்டிக்கர், என் கையெழுத்தோடு. "தப்பா நெனச்சிக்காதீங்க சார்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, இடது கன்னத்தில் அறைந்தார்.

ஸ்டாப்வாட்ச் என் கையில்தான் இருந்தது. முப்பது விநாடி ஆகும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். காதுக்குள் ஒரு விசில் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு பதிவேட்டைத் திறந்து, எதிர்வினை இல்லை என்று எழுதி, கையெழுத்துப் போட்டேன். கேட்டில் பலகையை மாற்றுகிறவன் ஏணியில் ஏறி, நூற்று முப்பது என்று எழுதிக்கொண்டிருந்தான்.

"பாஸா சார்?" என்று யாரோ கேட்டார்கள். கேட்டது நான்தான்.